காட்டெருமைக்கு எந்தக் குண்டு?

"முன்னூறு அரிசி," என்று மொழிபெயர்த்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அருளாந்து முகம் மாறாமல் திருத்தினார்.

"அரிசி இல்லம்மா. அது எடை. குண்டோட எடைய அப்படித்தான் சொல்லுவாங்க. கிரெய்ன்."

"கிராம்ல எவ்ளோ முசியே?"

"பத்தொம்பதரைக்குக் கிட்ட வரும்."

பழக்க தோஷம், பவுனில் கணக்குப் போட்டேன். "ரெண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்து அதை யோசித்தார். "எங்க வூட்டம்மா கழுத்துல கெடக்கறதே ரெண்டுதான்," என்றார். "மேல படி."

ஊரின் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றியிருந்த சமயம் அது. என் ரப்பர் முத்திரையில் இன்னும் பாண்டிச்சேரி என்றே இருந்தது. புதிதாகச் செய்யக் கொடுத்தது வந்தபாடில்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை. கீழே யாராவது குடம் வாங்கினால், தட்டிப் பார்க்கிற சத்தம் மேலே கேட்கும்.

பிறப்பு, கல்யாணம், சாவு. ஒரு மனிதனைப் பற்றிப் பிரெஞ்சு கன்சலட் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த மூன்றைத்தான். அந்தச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றி, கையெழுத்திட்டு முத்திரை குத்துவது என் தொழில். மில் தொழிலாளியின் மகள் நான். கன்னியர் பள்ளிக்கூடத்தில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்கள், பிரெஞ்சு வந்தது. ஆங்கிலம் நானாகப் படித்தது. காட்டெருமையைப் பற்றி அதுவரை என்னிடம் யாரும் வந்ததில்லை.

அட்டை இல்லாத புத்தகம்

அருளாந்து ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், நேரில் முசியே, அதாவது ஐயா, என்போம். பதினெட்டு வயதில் கப்பல் ஏறியவர். எங்கெங்கோ இருந்துவிட்டு, ஓய்வு பெற்று, குருசுக்குப்பத்தில் ஒரு மாடி வீடு கட்டி உட்கார்ந்தார். நான் பார்த்தபோது அறுபத்தைந்து வயதிருக்கும். காலையில் கடற்கரையில் நடப்பார். மத்தியானம் இதய மாத்திரை போட்டுக்கொள்வார். பிரெஞ்சு சரளமாக வரும். இங்கிலீஷ் சுத்தமாக வராது.

சண்டே மார்க்கெட் நடைபாதையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்திருக்கிறார். அட்டை கிழிந்து, முதல் பன்னிரண்டு பக்கம் இல்லாமல் இருந்தது. எழுதியவர் யாரென்று கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய யாரோ ஒரு வெள்ளைக்காரர். விஷயம் மட்டும் தெளிவு: முன்னூற்று எழுபத்தைந்து என்று பெயர் கொண்ட ஒரு பழைய துப்பாக்கித் தோட்டாவும், அதில் எந்த மிருகத்துக்கு எந்தக் குண்டைப் போடுவது என்பதும்.

காரணம் கேட்டேன். சொன்னார்.

ஜெரார் என்று பட்டாளத்துத் தோழர் ஒருவர் கேமரூன் நாட்டிலேயே தங்கிவிட்டார். வெளிநாட்டிலிருந்து அனுமதிச் சீட்டோடு வருகிறவர்களுக்கு வேட்டை முகாம் நடத்துகிறார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் ஒரு வரி சேர்ப்பாராம்: 'வா, காட்டெருமை காத்திருக்கிறது.' அந்த வருஷம் இன்னொரு வரியும் இருந்தது. 'துப்பாக்கி இருக்கிறது, நம் பழைய முன்னூற்று எழுபத்தைந்துதான். எந்தக் குண்டு வாங்கி வைக்கட்டும்?'

"பதில் எழுதணும்," என்றார் அருளாந்து. "தெரியாம எழுதக் கூடாது."

அதனால் வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்கு வருவார். நான் ஆங்கிலத்தில் படித்து, வரி வரியாகத் தமிழில் சொல்வேன்.

கற்றுக்கொண்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் யாருக்கும் பயன்படவில்லை, உங்களுக்காவது ஆகட்டும். நாம் தோட்டா என்று சொல்வது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, நுனியில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். அதில் இரண்டு ஜாதி. ஒன்று, நுனியில் ஈயம் தெரிகிற மாதிரி விட்டது. உடம்பில் பட்டதும் காளான் போல விரிந்து, பெரிய காயம் உண்டாக்கி, உள்ளேயே நிற்கும். அதற்கு மெத்துமுனை என்று பெயர் வைத்தேன். மற்றது முழுக்க உலோக உறை போட்டது. விரியாது. எலும்பு, தசை எது குறுக்கே வந்தாலும் துளைத்துக்கொண்டு போகும். இது கெட்டிக்குண்டு. கெட்டிக்குண்டிலும் ஒரு தொல்லை உண்டு. சில நேரம் ஒரு மாட்டைத் துளைத்து வெளியே வந்து, பின்னால் நிற்கிற இன்னொரு மாட்டையும் அடித்துவிடும். அந்த இரண்டாவது மாட்டுக்குத் தான் ஏன் அடிபட்டோம் என்று தெரியாது என்று எழுதியிருந்தார் அந்த வெள்ளைக்காரர். அடித்தவருக்கும் ஒரு மாட்டுக்குத்தான் சீட்டு இருக்கும்.

எடையிலும் வித்தியாசம். இருநூற்று எழுபது கிரெய்ன் லேசு. முன்னூறு கனம். கனமானதைச் சுட்டால் தோளில் இடிக்கிற இடியும் அதிகம்.

அருளாந்து எல்லாவற்றையும் கேட்பார். கேட்டுவிட்டு, ஒவ்வொரு வாரமும் போகும்போது வாசல்படியில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

"எரும நமக்குக் குறுக்கால நிக்கல. கொஞ்சம் நம்ம பக்கமாத் திரும்பி நிக்குது. லேசான குண்டு, மெத்துமுனை. முன்சப்பைல அடிக்கறோம். உள்ள போவுமா?"

"அந்த எடம் இன்னும் வரல முசியே."

"வரும் இல்ல?"

"வரும்."

முன்சப்பை

எனக்கு ஒரு குணம். புரியாததை மொழிபெயர்க்க மாட்டேன். புத்தகத்தில் தோள் எலும்பு, அதாவது அவர் சொல்கிற முன்சப்பை, கோணம், நுரையீரல் என்று பக்கம் பக்கமாக வந்தது. மாட்டுக்கு நுரையீரல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் பிற்பகல் மார்க்கெட்டில் இறங்கி, மாட்டுக்கறிக் கடை காதர் பாயிடம் போனேன். வாடிக்கை இல்லை, ஆனால் முகம் தெரியும்.

"பாய், மாடு நம்மளப் பாத்து ஓரஞ்சாரமா நிக்குதுன்னு வைங்க. முன்சப்பைல ஒண்ணு குத்துனா உள்ள ஈரக்கொலை வரைக்கும் போவுமா?"

கத்தியைக் கீழே வைத்தார். "யாரக் குத்தப் போற?"

"எருமைய. காட்டெருமைய."

"எங்க இருக்குது காட்டெரும?"

"ஆப்பிரிக்காவுல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொக்கியில் தொங்கிய முன்சப்பையைத் திருப்பி, ஒரு கம்பியால் தட்டிக் காட்டினார். தட்டையாக, கையகல எலும்பு. அதற்குக் கீழே உருண்டையாக மூட்டு. "இந்தா, பலக மாதிரி இருக்குதே, இதுல பட்டாக்கூடப் போவும். இந்த மூட்டுல பட்டுதுன்னு வையி, என் கத்தியே வழுக்கும். நம்மூரு மாட்டுக்கே இந்த கதி. காட்டெருமைக்கு இன்னா இருக்குமோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

நன்றி சொன்னேன்.

"அரைக் கிலோ போடட்டா?" என்றார்.

வாங்கிக்கொண்டேன். இவ்வளவு கேட்டுவிட்டு வெறுங்கையோடு வர முடியவில்லை.

மதலேன் அக்கா

அதற்கு அடுத்த புதன்கிழமை அருளாந்துவின் மனைவி மாடி ஏறி வந்தார். மதலேன் அக்கா. கனத்த உடம்பு, மூட்டு வலி. கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, உட்காராமலே பேசினார்.

"அவரு வேட்டைக்குப் போறதுக்குப் படிக்கறாருன்னு நெனச்சிக்கினு இருக்கியா?"

"அப்படித்தான் சொன்னாரு அக்கா."

"தீர்ப்பு கேக்கறாரும்மா. முப்பது வருஷமா ராத்திரி பகலா எனக்கு அந்தக் கதைதான்."

பிறகு உட்கார்ந்து சொன்னார்.

கேமரூனில் அந்நாட்டுப் படைக்குப் பயிற்சி கொடுக்கப் போன குழுவில் அருளாந்து இருந்தார். விடுமுறை நாளில் சீட்டு வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். தடம் பார்த்து வழி காட்ட உள்ளூர்க்காரன் ஒருவன், பெயர் புபா. இருவருக்கும் ஒரே வயது. நல்ல சிநேகம். ஒரு நாள் காலை கிளம்பும்போது வண்டியில் இரண்டு பெட்டி தோட்டா இருந்தது. சிவப்புப் பெட்டியில் கனமானது. மஞ்சள் பெட்டியில் லேசானது, மெத்துமுனை. புபா சிவப்பை எடுக்கச் சொன்னான். முதல் நாள் சுட்டதில் அருளாந்துவின் தோள் கன்றிப் போயிருந்தது. மஞ்சளை எடுத்தார்.

"தோளு வலிக்குதுன்னு," என்றார் அக்கா. "அவ்ளோதான் காரணம்."

எருமை இவர்கள் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி நின்றது. சுட்டார். குண்டு பட்ட சத்தம் கேட்டது. மாடு விழாமல் உயரமான புல்லுக்குள் போய்விட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு புபா முன்னால் போனான், இவர் பின்னால். பக்கவாட்டிலிருந்து எருமை பாய்ந்து வந்தது. புபாவைத் தொடையில் குத்தித் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போயிற்று. இவர் சுட்டது இரண்டும் வானத்துக்குப் போனது. புபாவை வண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்தால் ஆச்சரியம் என்றாள் கன்னியாஸ்திரி. மூன்றாம் நாள் குழுவை வேறு ஊருக்கு மாற்ற உத்தரவு வந்தது. இவர் போனார். அதற்கப்புறம் புபா இருந்தானா செத்தானா என்று இவர் யாரையும் கேட்கவில்லை.

"ஏன் கேக்கல?"

"பயம். வேற இன்னா?"

ஜன்னலுக்குக் கீழே யாரோ குடம் தட்டிப் பார்த்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் வரும்போது நல்லபடியாப் படிச்சிடும்மா. அந்தக் குண்டே போதும், விதிதான் சரியில்லன்னு எழுதியிருக்குதுன்னு சொல்லு. அவருக்கு இங்கிலீஷு தெரியாது. கிழவன் நிம்மதியாத் தூங்கட்டும்."

பார்க்கிறேன் அக்கா என்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் பிறப்புச் சான்றில் அவர் அப்பாவின் பெயரை எழுத்தர் தப்பாக எழுதியிருந்தார். முனுசாமி, முனசாமி ஆகியிருந்தது. பாவம் என்று மொழிபெயர்ப்பில் நான் சரியாக்கினேன். கன்சலட்டில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இவர் வேறு ஆளின் மகன் என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவர் தன் அப்பாவுக்குத்தான் பிறந்தேன் என்று நிரூபிக்க ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார். அதிலிருந்து நான் யாருக்கும் நல்லது செய்வதில்லை.

அன்று அதை அக்காவிடம் சொல்லவில்லை.

நாற்பத்தேழாம் பக்கம்

மறுநாளே அந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் முன்கூட்டியே ஒருமுறை படித்திருந்தேன். புரியாத இடங்களைப் பார்க்க வேண்டும் என்று அந்த வாரம் புத்தகத்தை அவரிடம் வாங்கி வைத்திருந்தேன்.

பொய்யான வாசகத்தைக்கூடத் தயார் செய்துவைத்திருந்தேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவரால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. ஆனாலும் மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. உள்ளபடி படித்தேன்.

"இருநூற்று எழுபது கிரெய்ன் மெத்துமுனை மானுக்குப் போதும். காட்டெருமை நம் பக்கமாகத் திரும்பி நிற்கும்போது அதை முன்சப்பையில் அடிக்கிறவன், குண்டு எலும்பிலேயே சிதறி நின்றுவிடலாம் என்று தெரிந்துகொண்டு அடிக்க வேண்டும். காயம்பட்ட மாடு புல்லுக்குள் போகும். அதைத் தேடிக்கொண்டு யாராவது உள்ளே போக வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது சுட்டவனாக இருப்பதில்லை."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இன்னொரு தபா படி."

படித்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"எங்க வூட்டம்மா எதனா வந்து சொல்லிச்சா?"

"சொன்னாங்க."

"அப்பவும் படிச்சிட்ட."

"ஆமா முசியே."

"மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். புத்தகத்தை எடுத்துக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மார்க்கெட்டில் மீன் வரிசையில் மதலேன் அக்கா எதிரே வந்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கருவாட்டுப் பக்கம் போய்விட்டார். கருவாடு அவர் வீட்டில் சேர்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் செய்தது சரியா என்று அந்த நாட்களில் பல தடவை கேட்டுக்கொண்டேன். சான்றிதழ் என்றால் முத்திரை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இது ஒரு கிழவர், கிழிந்த புத்தகம். யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? வீம்புக்காக ஒரு மனிதனின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றும். அப்போது யாராவது சாவுச் சான்றிதழோடு வருவார்கள். வேலையைப் பார்ப்பேன்.

ஒன்றரை மாதம் கழித்து அருளாந்து வந்தார். இளைத்திருந்தார்.

"ஜெராருக்கு எழுதிட்டேன். குண்டு ஒண்ணும் வாங்க வேணாம்னு. ஆனா வர்றேன்னு."

"எதுக்கு முசியே?"

"புபா வூட்டுக்காரங்க யாராச்சும் இருப்பாங்க இல்ல? இன்னா நடந்துச்சுன்னு அவங்களுக்குச் சொல்லணும். நான் எந்தப் பொட்டிய எடுத்தேன்னு."

"அந்தப் பக்கத்த நான் வேற மாதிரி படிச்சிருந்தா?"

"போயிருக்க மாட்டேன்," என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, குற்றம் சாட்டினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

மூன்று வாரம்

அவர் விமானம் ஏறிய மறுநாள் மதலேன் அக்கா மாடி ஏறி வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வூட்டுல தனியா இருக்க முடியல. உன்னாலதான போனாரு, நீயே என்னப் பாத்துக்க."

மூன்று வாரம் தினமும் வந்தார். எனக்குச் சாப்பாடும் கொண்டுவருவார், முகத்தைப் பார்க்காமல் வைப்பார். சான்றிதழ்களை எடுத்து வரிசைப்படுத்திக் கொடுப்பார். பாரிஸிலிருந்து ஒரு போன், கேமரூன் போய்ச் சேர்ந்ததும் ஒன்று. அப்புறம் ஒன்றும் இல்லை. முகாம் இருக்கிற இடத்தில் போன் எடுக்காது என்று நான் சொல்வேன். மாத்திரை பத்து நாளைக்குத்தான் இருக்கும் என்று அவர் சொல்வார். இரண்டு அட்டை கூடுதலாக அருளாந்து எடுத்துப் போனதை அக்காவேதான் என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு நாள் பிற்பகல் மேசையில் தலை சாய்த்து அழுதார். அருளாந்துவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த முகத்தோடு இந்த மாடிப்படி ஏறி வேலைக்கு வருவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. படி என்னுடையது, ஏறிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பதும் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரம், வீட்டுக்குப் போன் வந்தது. "வந்துட்டாரு. நீ வா," என்றார் அக்கா.

கூடத்தில்

குருசுக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் பெட்டியைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்திருந்தார். அக்கா காபி கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். நான் வந்த பிறகுதான் சொல்வது என்று காத்திருந்தாராம்.

"புபா உயிரோட இருக்கான்," என்றார்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஒரு காலு குட்ட. பல்லு ஒண்ணும் இல்ல. மத்தபடி என்னவிட நல்லா இருக்கான். பேரப்புள்ளைங்க பதினொண்ணு. என்னப் பாத்தவொடனே அடையாளம் தெரிஞ்சிக்கினான். நான் நின்ன எடத்துலயே சொல்லிட்டேன். 'நீ செவப்ப எடுக்கச் சொன்ன. நான் மஞ்சள எடுத்தேன். லேசான குண்டு, எலும்புல நின்னுடுச்சி. அந்த மாடு சாவாம வந்து உன்னக் குத்திச்சி. என் தப்பு'ன்னேன்."

"அதுக்கு?"

"'எந்த மாடு?'ன்னான்."

அருளாந்து காபியைக் கீழே வைத்தார்.

"'என்னக் குத்துனது நீ சுட்ட மாடு இல்லியே. அது வேற மாடு, புல்லுக்குள்ள படுத்துக் கெடந்தது. நீ சுட்டது அப்பவே அந்தாண்ட பள்ளத்துல செத்துக் கெடந்திச்சி. மறுநா கழுகு சுத்துச்சுன்னு எங்க ஆளுங்க போய்ப் பாத்தாங்க. அறுக்கும்போது குண்டு நுரையீரல்ல இருந்துது. நல்லாத்தான சுட்டிருந்த'ன்னான்."

நாற்பத்தேழாம் பக்கத்தை எழுதிய வெள்ளைக்காரரைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை வந்தது, அதை இங்கே எழுத முடியாது.

"அப்புறம் அவன் என்ன ஒண்ணு கேட்டான்," என்றார் அருளாந்து. "'எங்க போயிட்ட நீ?'ன்னான். 'உன் மாடுன்னு சொல்லி ஒரு பங்கு கறிய பொகையில வாட்டி, கூரையில தொங்க விட்டிருந்தாங்க எங்கம்மா. மழ பொறக்கற வரைக்கும் யாரையும் தொட விடல. சிநேகிதன் வருவான், வருவான்னு சொல்லிக்கினே இருந்தேன். நீ வரவே இல்லியே'ன்னான்."

சொல்லி முடித்ததும் அழுதார். வாய்விட்டு, வெட்கப்படாமல். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதலேன் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். வெகுநேரம் தடவிக்கொடுத்தார். பிறகு சொன்னார்:

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்."